மணியார்டர் வந்த வீடு: உஸ்மான் செம்பேனின் ‘மந்தாபி’

வெளிநாட்டில் வாழும் ஆப்பிரிக்கர்களைப் பற்றி எந்த அறிக்கையைத் திறந்தாலும் ஆரம்பத்திலேயே ஒரு தொகை இருக்கும். 2023-ல் சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்கு அவர்கள் அனுப்பியது சுமார் 5,400 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. தொகைக்குப் பிறகு ஒரு கேள்வி வரும்: இந்தப் பணத்தை நாட்டு வளர்ச்சிக்கு எப்படித் திருப்புவது? கேள்விக்குப் பிறகு லேசா ஒரு மனக்குறை: இவங்க பணத்தைச் சாப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் செலவழிச்சிடறாங்க, தொழிலில் போட மாட்டேங்கிறாங்க.

இந்த மனக்குறை எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அதில் என்ன தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. செம்பேனின் ‘மந்தாபி’ படத்தை மறுபடி பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. 1968-ல் வந்த படம். உலக வங்கி இந்தக் கணக்கையெல்லாம் பெரிதாகப் பேச ஆரம்பிப்பதற்குப் பல வருஷம் முன்பே எடுத்தது.

‘மந்தாபி’ என்றால் மணியார்டர். பிரெஞ்சில் ‘மந்தா’, அது செனகல் மக்கள் பேசும் வொலோஃப் மொழிக்குப் போய் ‘மந்தாபி’ ஆகிவிட்டது. ஆப்பிரிக்க மொழி ஒன்றில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம் என்று இதைத்தான் சொல்வார்கள். செம்பேன் முதலில் நாவலாசிரியர். மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தன் நாவல்களை ஊரில் பெரும்பாலானவர்களால் படிக்க முடியாது என்று தெரிந்ததும் நாற்பதை ஒட்டிய வயதில் மாஸ்கோ போய் சினிமா படித்துவிட்டு வந்தார். அதாவது, புலம்பெயர்ந்தவன் ஊருக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வி அவருக்குச் சொந்தக் கேள்வி.

கதை ரொம்பச் சின்னது. டக்காரில் இப்ராஹிமா தியெங் என்று ஒரு மனிதர். வேலை கிடையாது. இரண்டு மனைவிகள், ஏழு பிள்ளைகள், எட்டு ஊருக்குத் தேவையான வீறாப்பு. பாரிஸில் தெரு கூட்டும் மருமகன் அப்து 25,000 சீஎஃப்ஏ பிராங்க் மணியார்டர் அனுப்புகிறான். அன்றைய மாற்று விகிதத்தில் 500 பிரெஞ்சு பிராங்க். இப்ராஹிமா அதை வாங்கப் போகிறார். படம் முழுக்க அவ்வளவுதான், வாங்கப் போகிறார்.

படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரசு அலுவலகக் காட்சிகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் கடிதத்தில் உள்ள பங்குக் கணக்கைப் பாருங்கள். 25,000-ல் 20,000 அப்து தனக்காகச் சேமிப்பது, மாமா பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 3,000 அவன் அம்மாவுக்கு, அதாவது இப்ராஹிமாவின் அக்காவுக்கு. மாமாவுக்கு 2,000.

நூற்றுக்கு எண்பது அப்துவுடைய சொந்தப் பணம்! இது உதவியும் இல்லை, நன்கொடையும் இல்லை. ஒரு நாள் ஊர் திரும்பினால் கையில் ஏதாவது இருக்கணும் என்று ஒரு கூலிக்காரன் போடும் டெபாசிட். வங்கியில் போட முடியாததால் மாமாவிடம் போடுகிறான். மாமாவுக்கு வருவது நூற்றுக்கு எட்டு, ஏறக்குறைய பாதுகாப்புக் கட்டணம் மாதிரி.

ஆனால் தபால்காரர் வாசலில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து இந்தக் கணக்கு எல்லாருக்கும் மறந்துபோகிறது. மனைவிகள் மெத்தியும் ஆராமும் அவருக்குச் செய்தி சொல்வதற்கு முன்பே ம்பார்கா கடையில் அரிசி கடன் வாங்கிச் சமைத்துவிடுகிறார்கள். அவர் வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகுதான் விஷயமே தெரிகிறது. தெருவுக்குச் செய்தி பரவுகிறது. ஒருவர் அரிசி கேட்கிறார், ஒருவர் கைமாத்து கேட்கிறார். யாருமே அப்துவின் பெயரைச் சொல்வதில்லை. எல்லாருடைய வாயிலும் அது இப்ராஹிமாவின் பணம்.

இங்கேதான் எனக்கு அந்த அறிக்கைகள் நினைவுக்கு வந்தன. ‘புலம்பெயர்ந்தோர் பணத்தை வளர்ச்சிக்குத் திருப்புவது’ என்று பேசும் அமைச்சகங்களும் வங்கிகளும் செய்வது அந்தத் தெரு செய்ததைத்தான். மணியார்டரைப் பார்க்கிறார்கள், தொகையைக் கூட்டுகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள். அது யாரோ ஒருவன் தனக்காகவும் தன் அம்மாவுக்காகவும் எடுத்துவைத்தது என்பது கணக்கில் வருவதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. தெருக்காரர்களுக்கு நிஜமாகவே பசி.

இனி அலுவலகங்கள். தபால் நிலையத்தில் அடையாள அட்டை கேட்கிறார்கள். இப்ராஹிமாவிடம் இல்லை. அட்டை வாங்கக் காவல் நிலையம் போனால் பிறப்புச் சான்றிதழ், மூன்று போட்டோ, முத்திரைத்தாள் கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு நகராட்சிக்குப் போனால் பிறந்த தேதி கேட்கிறார்கள். அவருக்கு வருஷமே உத்தேசம்தான். போட்டோக்காரன் காசை வாங்கிக்கொண்டு போட்டோ தருவதில்லை. கேட்டதற்கு மூக்கில் ரத்தம் வரும் அளவுக்கு அடி. ஒவ்வொரு இடத்துக்கும் போகப் பஸ் காசு, காட்டிக்கொடுப்பவனுக்குக் காசு, எழுதிக்கொடுப்பவனுக்குக் காசு. எல்லாமே கடன். ஆக, இன்னும் கைக்கு வராத பணத்தால் அவர் ஒவ்வொரு நாளும் மேலும் ஏழையாகிறார். கடைசியில் வீட்டை விற்கும் பேச்சு வரை போகிறது.

இதை ‘அதிகார வர்க்கத்தின் அபத்தம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆகிறது. ஆனால் படிவம் பிரெஞ்சில், அதிகாரம் பிரெஞ்சில், பக்கத்தில் நிற்கிறவனும் மரியாதை வேண்டுமென்றால் பிரெஞ்சில் பேசுகிறான். தன் தலைநகரிலேயே தான் யார் என்று நிரூபிக்க முடியாத மனிதர் இப்ராஹிமா. பாரிஸில் குப்பை கூட்டுகிற அப்துவுக்கு அங்கே ஒரு தபால் நிலையம் வேலை செய்கிறது. ஊரில் இருக்கும் மாமாவுக்கு வேலை செய்யவில்லை. பையன் ஏன் போனான் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் படத்தில் தேவையில்லை.

முடிவு தெரிந்ததுதான். கோட்டு சூட்டு போட்ட, கார் வைத்திருக்கும் உறவுக்காரன் ம்பாய் உதவுகிறேன் என்று அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, பணத்தை எடுத்துவிட்டு, ஜேப்படிக்காரன் அடித்துவிட்டான் என்கிறான். இதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது. கொஞ்சம் முன்னால், கைமாத்து கேட்டு வருகிறவர்களைத் தட்டிக்கழிக்க மனைவிகள் சொன்ன பொய்யும் இதேதான்: பணம் திருடு போயிடுச்சு. ஏழையின் பொய்யைப் பணக்காரன் எடுத்து நிஜமாக்கிவிடுகிறான்.

இவ்வளவு பாராட்டியாச்சு. இப்போ என் குறை.

படத்தில் அப்து எங்கே? கடிதம் படிக்கப்படும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பாரிஸ் தெருவில் துடைப்பத்தோடு தெரிகிறான். நல்ல பையன், தொழுகிறான், குடிப்பதில்லை. அவ்வளவுதான். அவன் என்ன நினைக்கிறான், ஊரின் மேல் கோபம் உண்டா, திரும்பும் ஆசை நிஜமா, எதுவும் தெரியாது. அவனுடைய பணத்தை மறந்த தெருவைக் கிண்டல் செய்யும் செம்பேனும் அவனை மறந்துவிடுகிறார். அந்தப் பக்கத்தை அவர் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷம் முன்பு எடுத்த ‘கறுப்புப் பெண்’ படத்தில் பிரான்ஸில் வீட்டு வேலைக்குப் போன தியுவானா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். முதலாளி அவளுடைய சம்பளப் பாக்கியைக் கொடுக்க டக்கார் வருகிறான். அம்மா அதை வாங்க மறுக்கிறாள். புலம்பெயர் பணம் பற்றி நான் பார்த்த காட்சிகளில் இதைவிட வலுவானது இல்லை. ஆனால் அங்கேயும் பேசுவது அம்மாவின் மௌனம். போனவளுக்கு ஊர் பற்றி என்ன கணக்கு இருந்தது என்பது தெரியாமலே போகிறது.

அந்த இடத்தை நிரப்பியவர் ஃபாத்து தியோம். அவருடைய ‘அட்லாண்டிக்கின் வயிறு’ நாவல் 2003-ல் வந்தது. கதைசொல்லி சாலி ஸ்ட்ராஸ்பூரில் இருக்கிறாள். தம்பி மதிக்கே செனகலின் நியோதியோர் தீவில். இத்தாலிய ஆட்டக்காரர் மல்தினி மேல் பைத்தியம். பிரான்ஸ் போய்ப் பந்து விளையாடணும் என்பதே கனவு. டெலிபோன் கடையிலிருந்து கூப்பிட்டு உடனே வைத்துவிடுவான், அக்கா திருப்பிக் கூப்பிடணும். அந்த போன் செலவே அவளுக்குப் பெரிசு. அதைச் சொல்ல முடியாது. சொன்னால் சுயநலக்காரி, அங்கே போய் மாறிட்டா.

ஏன் சொல்ல முடியாது என்பதற்கு தியோம் ஒரு ஆளைக் காட்டுகிறார். பாரிஸின் பார்பெஸ் பகுதியில் இருந்துவிட்டு வந்த ஒருவன். ஊரில் பெரிய வீடு, டிவி. அங்கே பட்ட அவமானத்தை மறைத்து, பாரிஸைச் சொர்க்கமாக இளைஞர்களுக்கு விற்கிறான். அவன் அனுப்பிய பணத்தைவிட அவன் சொன்ன பொய் ஊரை அதிகம் மாற்றியிருக்கிறது. பணத்தைக் கணக்கெடுக்கும் அறிக்கைகளில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

நாவல் முடியும் விதம் பிடித்திருந்தது. சாலி கடைசியில் பணம் அனுப்புகிறாள், டிக்கெட்டுக்கு இல்லை, கடை வைக்க. தம்பி கடை வைத்து ஊரிலேயே இருந்துவிடுகிறான். இதை ‘முதலீடு’ என்று யாராவது சொல்லலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு அக்கா தம்பியைக் கடலில் சாக விடாமல் தடுத்தாள், அவ்வளவுதான்.

சரி, இவர்களுக்கு ஊர்ப்பற்று இருக்கிறதா இல்லையா என்று கேட்டால்? 2008-ல் எத்தியோப்பிய அரசு மின்சார நிறுவனத்துக்காக வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் பத்திரம் விற்றது. எதிர்பார்த்த அளவு போகவில்லை. அதே மக்கள் அதே காலத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். இதை நாட்டுப்பற்று குறைவு என்று படிக்கலாம். ‘மந்தாபி’ பார்த்தவர் அப்படிப் படிக்க மாட்டார். ஜன்னலுக்குப் பின்னால் ம்பாய் உட்கார்ந்திருப்பார் என்ற சந்தேகம் அவர்களுக்கு. அம்மா கையில் போகும் 3,000-க்கு அந்தச் சந்தேகம் இல்லை.

அரசுகளும் சும்மா இருந்துவிடவில்லை. 2003-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் தன் சாசனத்தைத் திருத்தி, வெளியே வாழ்பவர்களையும் கண்டத்தைக் கட்டியெழுப்ப அழைத்தது. அவர்களை ஆறாவது பிராந்தியம் என்று பேசுகிறார்கள். செனகல் 2017 முதல் நாடாளுமன்றத்தில் 15 இடங்களை வெளிநாட்டு செனகல்காரர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. இது நல்ல விஷயம், பணம் கேட்பதற்கு முன்னால் குரல் கொடுப்பது. ஆனால் இன்றைக்கும் 200 டாலர் அனுப்ப உலகத்திலேயே அதிகச் செலவாகும் பகுதி சஹாராவுக்குத் தெற்கேதான். சராசரியாக நூற்றுக்கு எட்டு, அதாவது சுமார் 16 டாலர். 2030-க்குள் மூன்றுக்குக் கீழே கொண்டுவருவோம் என்பது ஐ.நா. இலக்கு. அப்து தன் மாமாவுக்கு ஒதுக்கியதும் நூற்றுக்கு எட்டுதான். இன்றைக்கு அந்தப் பங்கு மாமாவுக்குப் போவதில்லை, நடுவில் இருப்பவர்களுக்குப் போகிறது.

இன்னொரு விதமாகத் திரும்பியவர்களும் உண்டு. 1970-களின் சஹேல் வறட்சிக்குப் பிறகு, பிரான்ஸில் தொழிலாளிகளாக இருந்த 14 பேர் பிரெஞ்சுப் பண்ணைகளில் வேலை பழகிவிட்டு, 1977-ல் மாலியில் செனகல் ஆற்றங்கரையில் சொமன்கிதி கூரா என்ற கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான பூபா தூரே தன் புகைப்படங்களில் அந்தக் கதையைச் சேர்த்துவைத்தார். அவரும் ரஃபேல் க்ரிசேயும் சேர்ந்து எடுத்த ஆவணப்படம் 2022-ல் வந்தது. பண்ணை இன்றும் இருக்கிறது. எல்லாரும் இப்படித் திரும்பணும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். அவர்களிடம் யாரும் உங்க பணத்தைத் திருப்புங்கன்னு கேட்கவில்லை. என்ன செய்வது என்று அவர்களே முடிவு பண்ணினார்கள்.

‘மந்தாபி’யின் கடைசியில், ஏமாந்த இப்ராஹிமா இனி நானும் ஓநாயாகத்தான் வாழ்வேன் என்ற மனநிலைக்கு வந்துவிடுகிறார். தபால்காரர் அவரை மறுத்து, நாம் எல்லாரும் சேர்ந்து நாட்டை மாற்றுவோம் என்கிற மாதிரி பேசுகிறார். நல்ல வார்த்தைதான், ஆனால் படத்துக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. தபால்காரர் ‘நாம்’ என்று எண்ணும்போது அதில் இப்ராஹிமா இருக்கிறார், மனைவிகள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்து இல்லை. பாரிஸ் தெருவில் கூட்டிச் சேர்த்த அவனுடைய 20,000 போய்விட்டது என்று அவனுக்கு யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், அதற்குப் பிறகு அவன் ஊருக்கு மணியார்டர் அனுப்பினானா என்பதைப் படம் காட்டுவதில்லை. அவனுக்கு ஊர் மேல் என்ன எண்ணம் என்று ஆய்வு செய்கிறவர்கள் முதலில் அந்தக் கடிதத்தை எழுதிப் பார்க்க வேண்டும்.