பேச வைக்கும் விளையாட்டுகள்: ஒரு மதிப்பீடு

"ஏன் அழுகிறாய்?" என்று கேட்டால் குழந்தை அழுகையைக் கூட்டுமே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. மனத்தில் இருப்பதைச் சொல்லும் சொல் அதற்கு இன்னும் கைவரவில்லை. இக்குறையைப் போக்க உளவியலார் கையாளும் வழிகளுள் உரையாடல் விளையாட்டும் ஒன்று. அமெரிக்காவில் தோன்றிய இரு விளையாட்டுகள் நம் குழந்தைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலாவது, குழந்தை மனநல மருத்துவர் ரிச்சர்டு கார்ட்னர் 1973-இல் வெளியிட்டது. பேசுதல், உணர்தல், செய்தல் என மூவகைச் சீட்டுகள் இதில் உண்டு. பகடை உருட்டிக் காயை நகர்த்தி, நிற்கும் கட்டத்திற்குரிய சீட்டை எடுக்க வேண்டும். அதிலுள்ள வினாவிற்கு விடை சொன்னால் ஒரு வில்லை பரிசு. மருத்துவரும் உடன் ஆடுவார். மனம் திறக்கத் தயங்கும் குழந்தைகளுக்காகவே இது அமைக்கப்பட்டது.

இரண்டாவது 'அன்கேம்'. குரல்நாணில் தோன்றிய முடிச்சுகளால் பேசக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த ரியா சாகிச் என்ற பெண்மணி, 1970-களில் இதை உருவாக்கினார். இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

உணர்ச்சிக்குப் பெயரிடுவதால் பயன் உண்டா? மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சினமோ அச்சமோ காட்டும் முகப் படங்களைக் கண்டவர்கள் அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி தணிந்தது. ஆனால் ஆய்வில் பங்கேற்றோர் பெரியவர்கள். அம்முடிவைக் குழந்தைகள்மீது அப்படியே ஏற்றுவது அவசரமாகும்.

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில், சென்ற கோடை விடுமுறையில், திண்ணையில் கூடிய சிறுவர் சிறுமியரிடம் இவ்விளையாட்டை நடத்திப் பார்த்தேன். வில்லைக்குப் பதில் புளியங்கொட்டை. "நீ எப்போது அச்சத்தை உணர்ந்தாய்?" என்ற சீட்டுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எப்ப வயித்தக் கலக்கும்?" என்று மாற்றிக் கேட்டேன். "கரண்ட் போனா மாமா!" என்று உடனே விடை வந்தது. இதில் வியப்பில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அச்சம், வெகுளி, அழுகை உள்ளிட்ட எட்டு வகைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. நம் குழந்தைகளும் உணர்ச்சியை உடல்வழியே சொல்கின்றனர். சீட்டுகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அவை பள்ளித் தேர்வு வினாக்களாகிவிடும்.

இரண்டாவது சுற்றில் வேறொரு குறை தெரிந்தது. எதற்கும் பயமில்லை என்றிருந்த சிறுமி, புளியங்கொட்டைக்காகப் பூனை, பேய், கணக்கு என்று பயங்களை அடுக்கினாள். பரிசு வந்ததும் உணர்ச்சி சரக்காகிவிட்டது.

மூன்றாவது குறை என்னுடையது. தன் தந்தை குடித்துவிட்டு வரும் சத்தம் கேட்டால் போர்வைக்குள் ஒளிந்துகொள்வதாக ஒரு சிறுவன் சொன்னான். மறுநாள் தெருக்குழாயடியில் மற்றப் பிள்ளைகள் அதைச் சொல்லியே அவனைக் கேலி செய்தனர். அவன் பிறகு திண்ணைப் பக்கமே வரவில்லை. இங்குச் சொன்னதை வெளியே சொல்லலாகாது என்ற விதியை முதலிலேயே நான் வகுத்திருக்க வேண்டும்.

கார்ட்னரின் விளையாட்டு பயிற்சி பெற்றவர், தனியறையில், ஒரு குழந்தையுடன் ஆடத் தக்கது, வகுப்பறைக்கு ஏற்றதன்று. நமக்கு நெருங்கியது அன்கேம். ஆனால் அதிலும் சில திருத்தங்கள் தேவை. வினாக்கள் நம் பேச்சு வழக்கில் இருக்க வேண்டும். விருப்பமில்லாதவர் சீட்டைத் திருப்பி வைத்துவிட உரிமை வேண்டும். ஆசிரியரே முதலில் விடை சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தீங்கு நேர்வது தெரியவந்தால் விளையாட்டை அத்துடன் நிறுத்தி, உதவிக்கு வழி தேட வேண்டும். 1098 என்ற தொலைபேசி எண் அதற்காகவே உள்ளது.

ஒரு குழந்தையின் வாயைத் திறப்பது எளிது. திறந்த பிறகு கேட்டதைக் காப்பாற்ற நாம் ஆயத்தமா என்பதே, சீட்டைக் கலைக்குமுன் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.