பதியில்லாத ஹோஸ்டஸ்

ஹோஸ்டஸ் என்ற ஆங்கிலச் சொல்லை விருந்தோம்புபவள் என்று எளிதாக மொழிபெயர்த்துவிடுகிறோம். அதன் வேருக்குள் போனால் அங்கே ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறான்.

ஹோஸ்ட் என்ற சொல் லத்தீனின் ஹோஸ்பெஸிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. விருந்தளிப்பவன், விருந்தாளி இருவரையும் அச்சொல் குறித்தது. பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் 1969இல் வெளியிட்ட நூலில் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். முன்பாதி அந்நியனை, விருந்தாளியைக் குறிப்பது. பகைவன் என்னும் பொருள் கொண்ட ஹோஸ்டிஸும் ஆங்கிலத்தின் கெஸ்ட்டும் அதன் உறவுகள். பின்பாதியின் பொருள் தலைவன். சமஸ்கிருதத்தின் பதி அதே வேர்தான். கணவனைக் குறிக்க நாமும் எடுத்துக்கொண்ட அதே பதி. ஆக, விருந்தோம்பல் என்பது வீட்டுக்கு உடையவன் அந்நியனுக்குக் கதவு திறப்பது. திறக்கும் அதிகாரம் உள்ளவனுக்கே மூடும் அதிகாரமும் உண்டு.

இந்தச் சொல்லோடு பெண்பால் விகுதி சேரும்போது வேலை அவளுக்கு வருகிறது, அதிகாரம் வருவதில்லை. பிரெஞ்சு இலக்கணமே இதற்குச் சாட்சி. அங்கே ஓத் என்ற சொல் இன்றும் விருந்தளிப்பவன், விருந்தாளி இருவருக்கும் பொது. அதன் பெண்பாலான ஓத்தெஸ் விருந்தளிப்பவளை மட்டுமே சுட்டும். விருந்தாளியாக வரும் பெண்ணைச் சொல்ல ஓத் என்ற பழைய வடிவத்துக்கே திரும்ப வேண்டும். ஆண் பரிமாறலாம், உட்கார்ந்து உண்ணவும் செய்யலாம். ஓத்தெஸ் பரிமாறிக்கொண்டே இருக்கிறாள்.

இது இலக்கணத்தோடு நிற்கவில்லை. ஏர் ஹோஸ்டஸ் என்ற பதவியைப் பாருங்கள். ஏர் இந்தியாவின் பழைய விதிகளின்படி அவர் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும். பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணந்தாலோ முதல் முறை கருவுற்றாலோ அதற்கு முன்பே வெளியேற வேண்டும். அதே விமானத்தில் பணிபுரிந்த ஆண் பர்சர்களுக்கு ஓய்வு வயது 58. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் கருவுறுதல் விதியை ரத்து செய்தது. திருமண விதியை நிலைநிறுத்தியது. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு அது உதவும் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. விமானத்தில் ஏறுபவர்களை வரவேற்றவருக்கு அதில் தங்கும் உரிமை அவ்வளவுதான்.

தமிழில் இவரை விமானப் பணிப்பெண் என்கிறோம். இழிவான மொழிபெயர்ப்பு என்று நண்பர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கு அது ஆங்கிலத்தைவிட நேர்மையாகப் படுகிறது. செய்வது ஊழியம் என்று அது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லின் பூச்சுக்கு நிகரான தமிழ்ச்சொல் வேறு இடத்தில் இருக்கிறது: இல்லத்தரசி. பட்டம் அவளுக்கு இருக்கிறது. அந்த வீட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்போம்.