கணினித் திரையில் ஃபெஸ்டினியோக் புகையிரதம்

வடவேல்ஸின் ஃபெஸ்டினியோக் புகையிரதப் பாதையைக் கணினித் திரையிலே மீளப் படைக்கும் ஆர்வலரின் உழைப்பு சாமானியமானதன்று. இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலமுடைய அத்தண்டவாளத்தின் வளைவுகளையும் சரிவுகளையும் பழைய வரைபடங்களோடு ஒப்புநோக்கி அமைக்கின்றனர். ஆணி எண்ணும் இச்சிரத்தையை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஆயினும் புறத்தோற்றத்தின் பிரதி யதார்த்தம் ஆகிவிடாது. அது இயற்பண்புவாதத்தோடு நின்றுவிடுகின்றது.

1836இல் இப்பாதை எதற்காகத் திறக்கப்பட்டது? மலைச் சுரங்கங்களின் சிலேற்றுக் கல்லைப் போர்த்மடொக் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. 1863இல் நீராவி எஞ்சின் வரும்வரை வெறும் பெட்டிகளைக் குதிரைகளே மேலே இழுத்தன. (இறங்குகையில் அக்குதிரைகளுக்கும் ஒரு பெட்டி இருந்தது!) கல்லேற்றிய பெட்டிகளோ எஞ்சினின்றியே சரிவில் உருண்டன, எஞ்சின் வந்த பின்னரும் 1939 வரை அவ்வாறே. பிறேக் பிடிக்கும் தொழிலாளர் ஓடும் பெட்டிகளின்மேல் அமர்ந்து அவற்றின் வேகத்தை அடக்கினர்.

கணினிப் பாவனையோ நம்மைப் பெரும்பாலும் எஞ்சின் சாரதியின் ஆசனத்திலேயே அமர்த்துகின்றது. கல் வெறும் சுமையாகிறது; அதைப் பிளந்தவனின் நுரையீரலிற் படிந்த தூசுக்கு அங்கு இடமில்லை. வழக்கிட முதலாளியே எஞ்சாத அத்தகைய தொழிலாளருக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1979இலேதான் வந்தது. சுரங்க வாயிலிலிருந்து பாதையைத் தொடங்கட்டும். ஈரத் தண்டவாளத்திலே கல்வண்டியின் பிறேக்கை ஒருமுறையேனும் ஆடுபவன் கையிற் கொடுக்கட்டும்.