முஸ்டாங் மாதிரிகளின் வண்ணப்பூச்சு: ஒரு மதிப்பீடு
பி-51டி முஸ்டாங், இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் பறந்த அமெரிக்கப் போர் வானூர்தி ஆகும். இதன் 1:48 அளவு மாதிரிகள் பலவற்றில் இறக்கை முழுவதும் பளபளக்கும் உலோக நிறம் பூசப்பட்டு, தகட்டு இணைப்புகள் கருங்கோடுகளாகக் காட்டப்படுகின்றன. இது உண்மைக்குப் பொருந்தாது. இறக்கைமீது காற்று சீராக ஓடுவதற்காக, அதன் முன்பகுதியிலிருந்த ரிவெட்டுகளும் இணைப்புகளும் தொழிற்சாலையிலேயே பட்டி பார்த்துத் தேய்க்கப்பட்டு, வெள்ளி வண்ணம் பூசப்பட்டன. உடற்பகுதியே பெரும்பாலும் பூச்சின்றி விடப்பட்டது. மேலும், மாதிரியில் 0.2 மி.மீ. அகலமுள்ள கோடு, உண்மை வானூர்தியில் ஏறத்தாழ 1 செ.மீ. பிளவுக்குச் சமம். இக்கோடுகள் கண்ணைக் கவர்ந்தாலும், முஸ்டாங்கின் சிறப்பான வழவழப்பை மறைத்துவிடுகின்றன. துப்பாக்கி அறை மூடி போன்ற திறக்கும் பகுதிகளின் கோடுகளை மட்டும் விட்டு, மற்றவற்றை நிரப்பி, மங்கிய வெள்ளி பூசுவதே பொருத்தமானது.