பாட்டில்லா உலகம்

தருமபுரி மாவட்டத்தில் எம்மிடம் தம் மகனைச் சேர்க்க வந்த தந்தையொருவர், “கணினி கற்றுக் கொடுங்கள் ஹஜ்ரத்; சீறாப்புராணம் இவனுக்கு எதற்கு?” என்று வினவினார். அவ்வினா நமக்குப் பழைய திரைப்படம் ஒன்றை நினைவூட்டியது.

1963ஆம் ஆண்டில் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் வெளிவந்த ‘கலை அரசி’யில் வேற்றுலகம் ஒன்று வருகிறது. அவ்வுலகினர் விஞ்ஞானத்தில் உச்சம் கண்டவர்கள், விண்கலம் உண்டு, கலை மட்டும் இல்லை. அக்குறையை நிறைக்கப் பூமியில் இனிது பாடும் வாணியை (பி. பானுமதி) அவர்கள் கவர்ந்து செல்கின்றனர். மோகன் (எம்.ஜி.ஆர்.) சென்று அவளை மீட்கிறான்.

கலையின் அருமையை உணர்ந்தவர்கள், அதனைக் கேட்டுப் பெறும் பண்பை உணரவில்லை. அறிவால் அமைத்த நல்லுலகம் களவால் நிறைவு தேடுகிறது. இம்முரணை எழுப்பிய படம், அதனை ஆராயாமல் நாயகனின் வீரத்தில் கரைத்துவிட்டது என்பதே நமது குறை.

ஹிஜ்ரி 339இல் (கி.பி. 950) மறைந்த பேரறிஞர் அல்ஃபாராபீ, உண்மையான நற்பேற்றை அடைய மக்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஊரையே ‘அல்மதீனத்துல் ஃபாளிலா’, சீர்மிகு நகரம் என்றார். பிறரை அடக்குவதில் இன்பம் காணும் ஊரை ஆதிக்க நகரம் என வேறு பிரித்தார். இசை பற்றிப் பெருநூல் இயற்றியவரும் அவரே. அவர் அளவுகோலில் வாணியைக் கவர்ந்த உலகம் சீர்மிகு நகரம் ஆகாது.

கலை இருந்தால் மட்டும் போதுமா? 2010இல் ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே எந்திர மனிதனுக்கு உணர்ச்சியும் ஊட்டப்படுகிறது. அதுவோ தன்னைப் படைத்தவனின் காதலியையே கவர்ந்து செல்கிறது. உணர்ச்சியற்றோர் செய்ததையே உணர்ச்சி பெற்றதும் செய்தது! இரண்டிடத்தும் இல்லாது போனது, பிறர் விருப்பத்தை மதிக்கும் ஒழுக்கமே.

அறபு மொழியில் ‘அதப்’ என்னும் ஒரே சொல் இலக்கியத்தையும் நல்லொழுக்கத்தையும் குறிக்கும். அத்தந்தைக்கு நாம் கூறிய விடையும் அதுவே. கணினியை அவசியம் கற்பிப்போம். அதனைக் கையாளும் உள்ளத்திற்கு அதபையும் கற்பிப்போம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு மகனின் கையை எமது கையில் கொடுத்தார்.