பேஜ்மேக்கர்காரரைக் கிண்டல் செய்வதற்கு முன்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் நாவல்களை டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0-இல் எழுதுவதாக 2014-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னபோது எல்லாரும் ரசித்தார்கள். நம்மூர் டி.டி.பி. சென்டரில் ஒருவர் விண்டோஸ் எக்ஸ்பியில் பேஜ்மேக்கரை ஓட்டினால் மட்டும், "இன்னுமா இதைக் கட்டிட்டு அழுறீங்க?" என்கிறோம்.

இந்தக் கிண்டலில் பாதி அநியாயம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு மாற்றான இன்டிசைன் 1999-லேயே வந்துவிட்டதுதான். ஆனா அதில் யூனிகோட் தமிழைக் கொம்பும் காலும் சிதறாமல் அமைக்கப் பல வருஷம் ஆனது. அதுவரை சாப்பாடு போட்ட மென்பொருளை எப்படி விடுவது? பழைய புத்தகத்தை எழுத்துரு மாற்றினால் மறுபடி முழுசாக மெய்ப்புப் பார்க்கணும். அந்தக் கூலியை யார் தருவார்கள்?

மீதிப் பாதிதான் எனக்கு உறுத்துகிறது. வேர்ட்ஸ்டார் கோப்பில் சில குறிகளைக் களைந்தால் ஆங்கிலம் ஆங்கிலமாகவே கிடைக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாவிட்டால் அது தமிழே இல்லை. தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்த முடியாது. அதிலிருந்து எடுத்த பிடிஎஃப்பும் கண்ணுக்குத்தான் தமிழ். நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், தெரியும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தர நிர்ணயமாக அறிவித்தது. அதற்கு முன் தட்டச்சான பக்கங்கள் ஓர் அரசாணையால் தானாக மாறிவிடுமா?

ஆக, குறை சொல்ல வேண்டியது பழைய கணினியை அல்ல, அதை ஓட்டுகிறவரையும் அல்ல. அச்சுக்குப் போன பிடிஎஃப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, மூலக் கோப்பைப் பற்றிக் கேட்காமலே வந்துவிடும் பதிப்பாளர்களையும் எழுத்தாளர்களையும்தான். அந்த ஹார்ட் டிஸ்க் போனால் புத்தகத்தைத் திரும்பத் தட்டச்சு செய்யணும்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்தது. இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓடும்வரை ஓட்டட்டும். ஆனா வேலை முடிந்ததும் என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு, யூனிகோட் உரையாக ஒரு பிரதி எடுத்து எழுதியவர் கையில் கொடுத்துவிடணும். மாற்றத்தில் சில பிழைகள் வரும்தான். பிழையுள்ள உரையைத் திருத்திக்கொள்ளலாம். திறக்கவே முடியாத கோப்பை என்ன செய்வது?