பாடு, அப்புறம் ஊது

புல்லாங்குழல் வகுப்பில் முதல் நாள் உங்கள் பிள்ளைக்கு என்ன தருகிறார்கள்? எட்டுத் துளை படம் போட்டு, ‘ச’வுக்கு இந்த விரல், ‘ரி’க்கு அந்த விரல் என்று ஒரு ஜெராக்ஸ் பேப்பர். சீக்கிரமே கீதம் வாசித்துவிடும். ராகம்தான் வராது.

டி. விஸ்வநாதன் (1927–2002) வழி வேறு. வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி. அமெரிக்காவில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் சங்கீதத்தைப் பல வருஷம் சொல்லிக்கொடுத்தவர். கச்சேரியிலேயே குழலை இறக்கிவிட்டு ஒரு வரி பாடுவார், மறுபடி ஊதுவார். பாடமும் பாட்டு வழியாகத்தான்.

காரணம் இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஒரு துளையில் சமர்த்தாக உட்காராது, அசையும். பாதித் துளை மூடி, உதட்டாலும் மூச்சாலும் வளைக்கணும். எவ்வளவு வளைப்பது? ஜெராக்ஸில் இருக்காது சார். தொண்டைக்குத் தெரிந்தால் விரல் தேடிக்கொள்ளும்.

‘குரல் இல்லாதவங்க என்ன பண்றது?’ கட்டைக் குரல் போதும், மேடைக்கா பாடப்போகிறோம்? ஆனால் இந்த வழி மெதுவானது. என் பி.காம். மூளைக்கு, மாதக் கட்டணத்தை வைத்துப் பார்த்தால் நஷ்டக் கணக்குதான்.

அடுத்த முறை வகுப்பு வாசலில் காத்திருக்கும்போது கொஞ்சம் காது கொடுங்கள். உள்ளே ஒரு தடவையாவது யாராவது பாடுகிறார்களா?